நண்பர்களோடு எல்லை தாண்டும் நெடுந்தூரக் கார் ராலி: முதல்முறை போகிறவர்களுக்கு

நீங்கள் மூன்று பேர் கிளம்புகிறீர்கள் என்றால் எல்லையில் நான்கு பேர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது ஆள் உங்கள் கார். அதற்கும் அடையாளப் பத்திரம் வேண்டும், நுழைவு அனுமதி வேண்டும், தங்கும் நாட்களுக்குக் கெடு உண்டு, வெளியேறும்போது முத்திரை வேண்டும். நாங்கள் மூவரும் ஒரு பழைய சின்னக் காரில் மத்திய ஆசியா வழியாகப் போனபோது மலையும் பாலைவனமும் கொடுத்த தொல்லையைவிட இந்த நான்காவது ஆளின் காகிதங்கள் கொடுத்த தொல்லைதான் அதிகம். அதனால் இதில் காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் தாராளமாகவே எழுதுகிறேன்.

இந்த வகை ராலியில் முதலில் வருபவருக்குப் பரிசு என்பதெல்லாம் முக்கியமில்லை. போய்ச் சேருவதுதான் பெரிய விஷயம். 1907ல் பீக்கிங்கிலிருந்து (இன்றைய பெய்ஜிங்) பாரிசுக்கு ஐந்து வண்டிகள் கிளம்பின. ஜூன் 10ல் புறப்பட்ட இத்தாலிய இளவரசர் போர்கேசே ஆகஸ்ட் 10ல் பாரிசைத் தொட்டார். வழியில் பெட்ரோல் கிடைக்காது என்பதால் ஒட்டகங்களில் ஏற்றி முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தார்கள். இன்று பலருக்கும் தெரிந்தது 2004ல் தொடங்கிய மங்கோல் ராலி. சின்ன எஞ்சின் வண்டி, குறித்த பாதை கிடையாது, பின்னால் உதவி வண்டி கிடையாது, நற்பணிக்குப் பணம் திரட்ட வேண்டும். ராலியில் பெயர் கொடுத்துப் போனாலும் சரி, நண்பர்களாகவே திட்டம் போட்டுப் போனாலும் சரி, செய்ய வேண்டியவை ஒன்றுதான்.

படி 1: ஆட்களை முடிவு செய்யுங்கள்

சின்னக் காருக்கு மூன்று பேர் அளவானது. ஒருவர் ஓட்ட, ஒருவர் வழி பார்க்க, ஒருவர் பின்னால் சாமான்களுக்கு நடுவில் தூங்கலாம். நான்காவது ஆள் ஏறினால் எடை கூடும், ஸ்பிரிங் தாங்காது. குறைந்தது இரண்டு பேருக்காவது நன்றாக ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், உரிமமும் இருக்க வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு நாள் உட்கார்ந்து நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை நாள்? ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மற்றவர்கள் நிற்பார்களா, போவார்களா? காரைச் சரிசெய்ய எவ்வளவு வரை செலவழிப்போம்? எந்தக் கட்டத்தில் திரும்பிவிடுவோம்? நல்ல நண்பர்கள்தானே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பத்து மணிநேரம் தூசியில் ஓட்டிவிட்டு, பசியோடு, வண்டி நின்றுபோன இடத்தில் பேசினால் நல்ல நண்பர்களுக்குள்ளும் குரல் உயரும். பணத்துக்குப் பொதுப்பை ஒன்று வையுங்கள். எல்லோரும் ஒரே தொகை போட்டு, தீர்ந்ததும் மறுபடி ஒரே தொகை போடுங்கள். டீக்கு யார் கொடுத்தது என்ற கணக்கே வராது.

படி 2: பாதையும் பருவமும்

முதலில் எல்லைகளைப் பாருங்கள், சாலைகளை அப்புறம் பார்க்கலாம். வரைபடத்தில் கோடு போகிறது என்பதற்காக அங்கே வண்டி போகும் என்று அர்த்தமில்லை. கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் எல்லை 2021ல் நடந்த மோதலுக்குப் பின் மூடப்பட்டு, 2025 மார்ச்சில்தான் திறந்தது. அசர்பைஜான் 2020ல் கொரோனா காலத்தில் பயணிகளுக்குத் தரைவழியை மூடியது, வருடக்கணக்கில் நீட்டித்துக்கொண்டே போனது. அந்தப் பக்கம் திட்டம் போட்டிருந்தவர்கள் எல்லோரும் பாதையையே மாற்ற வேண்டியிருந்தது. சில எல்லைகள் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் திறந்திருக்கும், சில இரவில் மூடிவிடும், சில விடுமுறை நாளில் இயங்காது. ஐஓவர்லேண்டர் செயலியில் பயணிகள் எழுதிவைக்கும் குறிப்புகளில் கடைசி ஒரு மாதத்தில் வந்தவற்றை மட்டும் நம்புங்கள்.

தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான் மலைகள் வழியாகப் போகும் பாமிர் நெடுஞ்சாலை மாதிரி உயரமான பாதைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் ஏற்ற காலம். ஒவ்வொரு ஐந்து நாளுக்கும் ஒரு நாளைச் சும்மா விட்டுவையுங்கள். காஸ்பியன் கடலைப் படகில் கடக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு மேலும் விடுங்கள். அசர்பைஜான் தலைநகர் பாக்கு அருகே அலாத் துறைமுகத்திலிருந்து போகும் சரக்குப் படகுகள் நேர அட்டவணை பார்த்துக் கிளம்புவதில்லை. சரக்கு நிறைய வேண்டும், காற்று அடங்க வேண்டும். நாள்கணக்கில் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக் காத்திருப்பது சாதாரணம்.

படி 3: கார்

எளிமையான, பரவலாக ஓடுகிற மாடலை எடுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் குறைவாக இருந்தால் கிராமத்து மெக்கானிக்கும் கை வைப்பார். வண்டிக்குக் கீழே எஞ்சின் ஆயில் சட்டியைக் காக்க ஒரு கனமான இரும்புத் தகடு போடுங்கள். கற்கள் நிறைந்த பாதையில் அந்த ஒரு தகடுதான் உங்கள் எஞ்சினைக் காப்பாற்றும். கிளட்ச், பிரேக், ஷாக் அப்சார்பர், ரேடியேட்டர் ரப்பர் குழாய்கள், ஃபேன் பெல்ட் ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே புதிதாக மாற்றிவிட்டு, கழற்றியவற்றில் நல்ல பெல்ட்டையும் குழாயையும் டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டெப்னி. ஒன்று போதாது. புறப்படும் முன் ஒரு வார இறுதியில் முழுச் சுமையோடு 500 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள்.

படி 4: காகிதங்கள்

உங்களுக்கு: கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சமும், போதிய வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். விசாக்களை வாங்கும்போது ஒருமுறை நுழைவா, இருமுறை நுழைவா என்பதைப் பாருங்கள். ஒரு நாட்டை விட்டு வெளியேறிய பிறகு அடுத்த நாடு உள்ளே விட மறுத்தால், ஒருமுறை விசா வைத்திருப்பவர் திரும்பிப் போகவும் முடியாமல் நடுவில் நின்றுவிடுவார். தஜிகிஸ்தானில் பாமிர் பகுதிக்கு விசாவோடு ஜிபிஏஓ (அந்தத் தன்னாட்சி மாகாணத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர்) அனுமதியையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி ஒரு வகையும், 1968 வியன்னா உடன்படிக்கைப்படி இன்னொரு வகையும் உண்டு. போகிற நாடு எதை ஏற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சொந்த உரிமம் கையில் இல்லாமல் இந்த அனுமதி மட்டும் செல்லாது.

காருக்கு: பதிவுச் சான்றிதழின் அசல். வண்டி உங்களில் ஒருவர் பெயரில் இருப்பது நல்லது. வேறொருவர் பெயரில் இருந்தால் அவர் கொடுத்த அதிகாரப் பத்திரம் நோட்டரி முத்திரையோடும், ரஷ்ய மொழிபெயர்ப்போடும் இருக்க வேண்டும். மத்திய ஆசிய நாடுகளில் எல்லையிலேயே தற்காலிக இறக்குமதித் தாள் தருவார்கள். ஈரான், பாகிஸ்தான் போன்ற நாடுகளுக்கு அது போதாது, கார்னே என்கிற புத்தகம் வேண்டும். காரை அங்கே விற்றுவிட மாட்டேன் என்பதற்கு மோட்டார் சங்கம் கொடுக்கும் உத்தரவாதம் அது. பதிலுக்குச் சங்கம் உங்களிடம் கணிசமான தொகையைப் பிணையாகக் கேட்கும். அதன் ஒவ்வொரு தாளிலும் மூன்று பகுதிகள் உண்டு. நுழையும்போது ஒன்றைக் கிழிப்பார்கள், வெளியேறும்போது ஒன்றைக் கிழிப்பார்கள், புத்தகத்தில் தங்கும் அடிக்கட்டையில் இரண்டு முத்திரையும் விழ வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் பிணைத்தொகை சிக்கிக்கொள்ளும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் கிரீன் கார்டு என்கிற சர்வதேச வாகன இன்ஷூரன்ஸ் சான்று ஐரோப்பாவையும் சுற்றியுள்ள சில நாடுகளையும்தான் காக்கும். அதற்கு அப்பால் ஒவ்வொரு எல்லையிலும் உள்ளூர் இன்ஷூரன்ஸ் வாங்குங்கள். எல்லாவற்றிலும் பத்து நகல் எடுத்து ஒரே பையில் வையுங்கள், அந்தப் பைக்கு ஒரே ஒருவர் பொறுப்பு.

படி 5: மூட்டை

இது சுருக்கமாக முடியும். ஜாக்கி, அதன் கீழே வைக்க ஒரு பலகை, பங்சர் கிட், காற்றடிக்கும் கம்ப்ரஸர், இழுவைக் கயிறு, எஞ்சின் ஆயில், கூலன்ட், ஃபியூஸ், கட்டுக்கம்பி, இரும்பு ஒட்டும் எபாக்ஸி. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். இரும்பு பெட்ரோல் கேன் ஒன்று. டாலர் நோட்டுகள் கசங்காமல், சிறிய மதிப்பில். இணையம் இல்லாமல் வேலை செய்யும் வரைபடம் இரண்டு போனில். மருந்துப் பெட்டியை மட்டும் ஒருமுறை கவனமாகப் பாருங்கள். கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகளுக்கு உஸ்பெகிஸ்தானில் கடும் கட்டுப்பாடு. டிரோனையும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

படி 6: எல்லை நாள்

காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் சாத்திக்கொள்ளும். வரிசையில் நின்றதும் எஞ்சினை அணையுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். பல எல்லைகளில் ஓட்டுநர் மட்டும் வண்டியோடு போவார், மற்றவர்கள் வேறு கட்டடம் வழியாக நடந்து போக வேண்டும். அதனால் காகிதப் பை ஓட்டுநரிடமும், கடவுச்சீட்டு அவரவரிடமும் இருக்கட்டும்.

வரிசை பெரும்பாலும் இப்படித்தான்: முதலில் வெளியேறும் நாட்டின் சுங்கத்தில் காரின் தாளை ஒப்படைத்து முடிக்க வேண்டும், பிறகு ஆட்களுக்கு வெளியேறும் முத்திரை. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத நிலம், சில இடங்களில் கிலோமீட்டர்கணக்கில். அடுத்த பக்கத்தில் ஆட்களுக்கு நுழைவு முத்திரை, பிறகு சுங்கம், இறக்குமதித் தாள், சாலை வரி, இன்ஷூரன்ஸ்.

இறக்குமதித் தாள் கையில் வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். ஜன்னலை விட்டு நகராமல், சேசிஸ் எண்ணின் 17 எழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். எங்களுக்கு ஒரு எல்லையில் ஆங்கில ‘B’ எழுத்துக்குப் பதில் ‘8’ என்று அடித்துக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் பார்க்கவில்லை. ஆறு நாள் கழித்து அந்த நாட்டை விட்டு வெளியேறும்போது ஒரு இளம் அதிகாரி பானெட்டைத் திறக்கச் சொன்னார். கைவிளக்கை அடித்து, தூசியைக் கட்டைவிரலால் துடைத்து, தகட்டில் உள்ள எண்ணை முணுமுணுத்துப் படித்தார். ஒன்பதாவது எழுத்தில் நின்றார். காகிதத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் கணக்கில் நாங்கள் கொண்டுவந்த கார் வேறு, கொண்டுபோகும் கார் வேறு. நுழைந்த எல்லைக்குத் தொலைபேசி போட்டு, மேலதிகாரியை வரவழைத்து, விளக்கம் எழுதி வாங்கி முடிக்க ஐந்து மணிநேரம் ஆனது. அவர் செய்தது சரியான வேலை. நாங்கள் செய்யாத இரண்டு நிமிட வேலைக்குத்தான் அந்த ஐந்து மணிநேரம்.

தாளில் காருக்கு எத்தனை நாள் கெடு என்பதையும் பாருங்கள். உங்கள் விசா 30 நாள் இருந்து, காருக்கு 15 நாள்தான் கொடுத்திருக்கலாம். குறைவானதுதான் உங்கள் கணக்கு. யாராவது தனியாகப் பணம் கேட்டால் கோபப்படாமல் ரசீது கேளுங்கள், சிரித்த முகத்தோடு காத்திருங்கள். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

படி 7: ஓட்டும் நாட்கள்

இருட்டியபின் ஓட்டாதீர்கள். சாலையில் மாடு நிற்கும், ஒட்டகம் நிற்கும், பின்விளக்கு இல்லாத லாரி நிற்கும். நல்ல சாலையில் ஒரு நாளில் 500 கிலோமீட்டர் போகலாம், மண்சாலையில் 150 போனாலே நல்ல நாள். தகர ஷீட்டைப் படுக்கப் போட்ட மாதிரி வரிவரியாக இருக்கும் சாலையில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் வண்டி உதறுவது அடங்கும். தார்ச்சாலை வந்ததும் மறுபடி நிரப்புங்கள். டேங்க் பாதியானதும் எங்கே பெட்ரோல் கிடைத்தாலும் போடுங்கள். உஸ்பெகிஸ்தானில் நிறைய வண்டிகள் எரிவாயுவில் ஓடுவதால் பெட்ரோல் இல்லாத பங்க்குகள் ஏராளம். ஆற்றில் இறங்கும் முன் ஒருவர் நடந்து ஆழம் பார்க்க வேண்டும். பனியாற்று நீர் காலையில் குறைவாக இருக்கும், வெயில் ஏற ஏறப் பெருகும். மாலையில் வந்து சேர்ந்தால் இந்தக் கரையிலேயே தூங்கிவிட்டு விடியலில் கடந்துவிடுங்கள்.

பங்சர் ஆனால்: சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வண்டியைத் தூக்கும் முன்பே நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள், தூக்கிய பின் திருப்பினால் சக்கரமே சுழலும். ஜாக்கிக்குக் கீழே பலகை, இல்லாவிட்டால் மணலில் புதையும். கழற்றிய நட்டுகளை ஒரு தொப்பியில் போடுங்கள். ஸ்டெப்னியை மாட்டி, எதிரெதிர் நட்டாக முடுக்கி, 50 கிலோமீட்டர் போனதும் மறுபடி ஒருமுறை முடுக்குங்கள். அன்று மாலையே பழைய டயருக்குப் பங்சர் போட்டுவிடுங்கள்.

படி 8: உயரம்

பாமிர் நெடுஞ்சாலையின் அக்-பைத்தால் கணவாய் 4,655 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்கூட இல்லை. டர்போ இல்லாத சின்ன எஞ்சின் மூச்சுத் திணறும். முதல் கியரிலேயே ஏறும், பயப்படாதீர்கள். முடியாத ஏற்றத்தில் மற்ற இருவரும் இறங்கி நடங்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் கியரில் பிடித்து இறங்குங்கள்.

உடம்புக்கு: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. கிர்கிஸ்தானின் ஓஷ் நகரம் ஏறக்குறைய 1,000 மீட்டர், அங்கிருந்து பாமிருக்குப் போகும் வழியில் உள்ள சாரி-தாஷ் 3,100க்கும் மேல். ஒரே நாளில் ஏறிவிடலாம், அதுதான் ஆபத்து. தலைவலி, குமட்டல் வந்தால் மேலே போகாமல் தங்குங்கள். தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு வந்தால் நடுராத்திரியானாலும் கீழே இறங்கிவிடுங்கள். இரவில் ஓட்டக்கூடாது என்று சொன்னேனே, அதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

படி 9: காரை முடித்துவைப்பது

போய்ச் சேர்ந்ததும் காரை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது யார் கடவுச்சீட்டில் பதிந்திருக்கிறதோ, அவரை வண்டி இல்லாமல் வெளியே விடமாட்டார்கள், அல்லது முழு இறக்குமதி வரியையும் கேட்பார்கள். ஓட்டியே திரும்புவதா, கப்பலிலோ ரயிலிலோ அனுப்புவதா, முறைப்படி வரி கட்டிக் கொடுத்துவிடுவதா என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்து, அதற்கான பணத்தைப் பொதுப்பையில் சேர்க்காமல் தனியாக வையுங்கள். கார்னேயில் போனவர்கள் வீட்டுக்கு வந்ததும் கடைசி முத்திரை விழுந்த புத்தகத்தைச் சங்கத்தில் கொடுத்துப் பிணைத்தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து மூவரிடமும் ஒரு நகல் வைத்திருங்கள்.