ஆறாம் மாதத்திற்குள் குழந்தை வயிற்றிலேயே இறந்தால்: பிரசவத்தைத் தூண்டும் மருந்துகள்

நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் குழந்தையின் இதயத் துடிப்பு நின்றுவிட்டது என்று ஸ்கேனில் உறுதியானபின், கடும் ரத்தப்போக்கோ நோய்த்தொற்றோ உயர் ரத்த அழுத்தமோ இல்லாவிட்டால், அந்த நிமிடமே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஓரிரு நாள் அவகாசம் உண்டா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் மட்டும் ரத்தம் உறையும் தன்மை கெடும் அபாயம் உண்டு.

பொதுவாக இரண்டு மருந்துகள் அடுத்தடுத்துத் தரப்படுகின்றன. முதலாவதான மிஃபெப்ரிஸ்டோன், கர்ப்பத்தைத் தாங்கி நிற்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தடுத்து, கருப்பை வாயை இளக்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, 14 முதல் 28 வாரம் வரையிலான கர்ப்பத்தில், இதில் 200 மில்லிகிராம் விழுங்கி 1 அல்லது 2 நாள் கழித்து, கருப்பையைச் சுருங்கச் செய்யும் மிசோப்ரோஸ்டாலை 400 மைக்ரோகிராம் அளவில், நாக்கின் அடியிலோ பிறப்புறுப்பினுள்ளோ, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வைக்கலாம். மிசோப்ரோஸ்டால் மட்டுமே தந்தாலும் பிரசவம் நிகழும். ஆனால் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நீண்ட மணிநேரங்களின் வேதனையை எண்ணினால், முதல் மாத்திரை கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பது மிகவும் தகும்.

முன்பு சிசேரியனோ வேறு கருப்பை அறுவையோ நடந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். பழைய தழும்பு உள்ள இடத்தில் கருப்பை கிழியும் அபாயம் இருப்பதால், மருந்தின் அளவை மருத்துவர் மறுபரிசீலனை செய்வார். நீண்டகாலமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் ஏற்றதன்று. முழுமாதப் பிரசவத்தில் வழக்கமாகப் பயன்படும் ஆக்ஸிடோசின், இந்த மாதங்களில் கருப்பை அதற்கு அவ்வளவாக இணங்காததால், முதல் தேர்வாக அமைவதில்லை.

மிசோப்ரோஸ்டாலால் குளிர்நடுக்கம், காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குழந்தைக்குக் கெடுதல் வருமோ என்ற கவலை இங்கே இல்லாததால், வீரியமான வலிநிவாரணியோ, முதுகில் செலுத்தி இடுப்புக்குக் கீழே வலியை மரத்துப்போகச் செய்யும் எபிடியூரலோ கேட்டுப் பெறலாம். நஞ்சுக்கொடி முழுமையாக வெளியேறாமல் தங்குவதும் அதனால் ரத்தம் கூடுதலாகப் போவதும் இந்த மாதங்களில் அரிதல்ல என்பதால், இதை மருத்துவமனையில் செய்துகொள்வதே பாதுகாப்பு.

தாயின் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தில் குழந்தையின் ரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் அவர் உடலில் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். சில நாட்களில் பால் சுரக்கலாம் என்பதைப் பலரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அது தாயை உலுக்கிவிடும். அதை நிறுத்த கேபர்கோலின் மாத்திரை உண்டு, ஆனால் கர்ப்பகால ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு அது கூடாது. வீடு திரும்பியபின் காய்ச்சலோ, துர்நாற்றமுள்ள கசிவோ, மணிக்கு இரண்டு பேட்கள் நனையுமளவு ரத்தப்போக்கோ கண்டால் உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.