கன்டெய்னர் பில்ட் உடையும்போது பலரும் செய்யும் தவறுகள்

ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் ஒன்றை டாக்கரில் (புரோகிராமை கன்டெய்னர் என்ற தனி அறைக்குள் வைத்து ஓட்டும் கருவி) பில்ட் செய்கிறீர்கள், பாதியில் நின்றுவிடுகிறது. உடனே கை, முன்பு சேமித்த ஸ்டெப்களை விட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஓட்டும் நோ-கேஷ் ஆப்ஷனுக்குத்தான் போகும். அவசரப்படாதீர்கள். கேஷ் இல்லாமல் ஓட்டிச் சரியாகிவிட்டால் எது கெட்டிருந்தது என்று தெரியாமலே போய்விடும். சரியாகாவிட்டால் காத்திருந்த நேரம் வீண்.

முதலில் லாக்கை முழுசாகப் பாருங்கள். 2023-இல் வந்த டாக்கர் என்ஜின் 23.0 முதல் லினக்ஸில் பில்ட்கிட்தான் இயல்பான பில்டர். அது ஒவ்வொரு ஸ்டெப்பின் அவுட்புட்டையும் சுருட்டித்தான் டெர்மினலில் காட்டும். ப்ராக்ரஸ் ஆப்ஷனுக்கு 'ப்ளெய்ன்' என்று கொடுத்தால் எல்லா வரிகளும் அப்படியே வரும். அப்புறம், கடைசி வரியை நம்பாதீர்கள். மேக் (make) என்ற பில்ட் கருவி பல வேலைகளை ஒன்றாக ஓட்டும்போது, ஒரு ஃபைலில் எரர் வந்த பிறகும் ஏற்கெனவே தொடங்கிய வேலைகள் முடியும்வரை காத்திருக்கும். அவற்றின் வார்னிங் எல்லாம் எரருக்குக் கீழே வந்து குவியும். அடியில் நிற்கும் 'எரர் 2' எதையும் சொல்லாது. மேலே போய் முதல் எரரைத் தேடுங்கள்.

எக்ஸிட் கோட் 137 வந்தால் கோடைத் திருத்தக் கிளம்பாதீர்கள். 137 என்பது 128-உம் 9-உம் சேர்ந்தது. 9 என்பது சிக்கில் என்ற சிக்னல். யாரோ அந்த புராசஸைக் கொன்றிருக்கிறார்கள், அது பெரும்பாலும் மெமரி போதாமல் கெர்னல் செய்த வேலை. சி++ புராஜெக்ட் என்றால் 'கில்ட்' என்ற சொல்லும் சிசி1பிளஸ் என்ற பெயரும் ஒரே வரியில் தென்படும்.

இது ஏன் கன்டெய்னரில் அதிகம் நடக்கிறது? பல டாக்கர்ஃபைல்களில் (பில்ட் ஸ்டெப்களை எழுதிவைக்கும் ஃபைல்), என்ப்ராக் (nproc) கட்டளை சொல்லும் சிபியு எண்ணிக்கைக்கு ஏற்ப மேக் வேலைகளைப் பிரிக்கும்படி எழுதியிருப்பார்கள். கன்டெய்னருக்கு இரண்டு சிபியு போதும் என்று நீங்கள் கோட்டா வைத்திருந்தாலும், பரவலாகப் புழங்கும் என்ப்ராக் பதிப்புகள் அதைப் பார்ப்பதில்லை. ஹோஸ்டில், அதாவது கன்டெய்னர் ஓடும் உங்கள் கணினியில், 16 சிபியு இருந்தால் 16 என்றே சொல்லும். மெமரி வரம்பை அது பார்ப்பதே இல்லை. டெம்ப்ளேட் நிறைந்த சி++ ஃபைல் ஒன்றே 1 ஜிபிக்கு மேல் கேட்கக்கூடும். பதினாறு ஃபைல்கள் ஒன்றாக ஓடினால் கணக்கு எங்கே நிற்கும் என்று பாருங்கள். ஆப்பிள் மேக்கிலும் விண்டோஸிலும் டாக்கர் டெஸ்க்டாப் ஒரு லினக்ஸ் விஎம்முக்குள் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓடுவதால், லேப்டாப்பில் எவ்வளவு ரேம் இருந்தாலும் அந்த விஎம்முக்கு ஒதுக்கியது மட்டும்தான் கணக்கு. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில் ஓஓஎம் (மெமரி தீர்ந்தது என்பதன் சுருக்கம்) என்று தேடிப் பாருங்கள். வேலைகளை இரண்டாகக் குறைத்தால் பில்ட் மெதுவாக ஓடும், ஆனால் முடிந்துவிடும்.

அடுத்து, ஹோஸ்டின் குப்பை உள்ளே போவது. முழு ஃபோல்டரையும் காப்பி செய்யும் டாக்கர்ஃபைல், நீங்கள் முன்பு ஹோஸ்டில் பில்ட் செய்ததையும் சேர்த்தே எடுத்துப் போகும். கிட் விலக்க வேண்டியவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் எழுதியிருக்கிறேனே என்பார்கள். டாக்கர் அதைப் படிக்காது, டாக்கர்இக்னோரை மட்டும்தான் படிக்கும். சிமேக் என்ற பில்ட் கருவியின் கேஷ் ஃபைல் பழைய ஃபோல்டரின் முழுப் பாதையையும் நினைவில் வைத்திருக்கும், அதனால் கன்டெய்னருக்குள் வேறு பாதையைக் கண்டதும் முரண்டு பிடிக்கும். ஆப்பிள் மேக்கில் இன்ஸ்டால் செய்த நோட் மாட்யூல்ஸ் (நோட்.ஜேஎஸ் பேக்கேஜ்கள்) உள்ளே போனால், அதிலுள்ள பைனரி லினக்ஸுக்கானது அல்ல என்பதால் 'இன்வேலிட் ஈஎல்எஃப் ஹெடர்' வரலாம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் விலக்கிவிடவும் கூடாது. ரெப்போவின் வரலாறு இருக்கும் டாட்கிட் ஃபோல்டரை டாக்கர்இக்னோரில் போட்டுவிட்டால், கிட் டேக்கிலிருந்து பதிப்பு எண்ணை எடுக்கும் பைத்தான் புராஜெக்ட்கள் விழுந்துவிடும். கடைசி கமிட்டை மட்டும் இழுக்கும் டெப்த் 1 ஆப்ஷனோடு குளோன் செய்தாலும் டேக் கிடைக்காமல் இதே கதை ஆகலாம். இப்படி டேக்கிலிருந்து எண்ணை எடுக்கும் செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம் கருவியைப் பயன்படுத்தும் புராஜெக்டில் பதிப்பு எண்ணை என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுத்துச் சமாளிக்கலாம். சப்மாட்யூல் (உள்ளே இணைத்த இன்னொரு ரெப்போ) உள்ள ரெப்போவை வெறுமனே குளோன் செய்வதும் இந்த வகைதான், அந்த ஃபோல்டர் காலியாகவே வரும்.

பலரையும் சுற்றலில் விடுவது இன்னொன்று: ஃபைல் கண்ணெதிரே இருக்கும், ஓட்டினால் 'நோ சச் ஃபைல்' என்று வரும். காணாமல் போனது அந்த ஃபைல் அல்ல, அதை ஓட்ட வேண்டிய புரோகிராம். விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்டின் முதல் வரிக்கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டியிருக்கும். கெர்னல் அதையும் சேர்த்து இன்டர்பிரட்டரின் பெயராகப் படிக்கிறது. கிட்ஆட்ரிப்யூட்ஸில் ஷெல் ஸ்கிரிப்ட்களுக்கு எல்எஃப் என்று கட்டாயமாக்கினால் தீர்ந்தது. ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் இமேஜில் வேறு காரணம் இருக்கலாம். அங்கே இருக்கும் சி லைப்ரரி மஸல், டெபியன் போன்றவற்றில் இருக்கும் ஜிலிப்சி அல்ல. ஜிலிப்சிக்காகக் கம்பைல் செய்த பைனரி கேட்கும் லோடர் அங்கே கிடையாது. இமேஜ் சின்னதாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஆல்பைனைப் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. டெபியன் ஸ்லிம்மில் இந்தத் தலைவலி இல்லை. 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' வந்தால் அது பெரும்பாலும் ஆர்ம், இன்டெல் என்ற இரு சிப் வகைகளின் குழப்பம், பிளாட்ஃபார்மைச் சரிபாருங்கள்.

டெபியன், உபுண்டுவில் பேக்கேஜ் நிறுவும் ஆப்ட்டின் அப்டேட்டையும் இன்ஸ்டாலையும் தனித்தனி ரன் வரிகளில் எழுதினால், கேஷில் தங்கிய பழைய பட்டியலை வைத்து இன்ஸ்டால் ஓடி 404 வாங்கும். இரண்டையும் ஒரே வரியில் சேருங்கள். நோ-கேஷ் உண்மையிலேயே உதவும் இடம் இதுதான், ஆனால் தற்காலிகமாக. பேஸ் இமேஜே காலாவதியாகியிருந்தால் அதுவும் உதவாது. சென்ட்ஓஎஸ் 8-இன் ஆயுள் 2021 டிசம்பர் 31-இல் முடிந்து, பேக்கேஜ்கள் பழைய பதிப்புகளுக்கான வால்ட் சர்வருக்குப் போய்விட்டன. டாக்கர்ஃபைல் இன்னும் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும்.

2022 ஏப்ரலில் கிட் 2.35.2 வந்ததிலிருந்து, மவுண்ட் செய்த ரெப்போவின் உரிமையாளர் வேறு யூசராக இருந்தால் கிட் வேலை செய்ய மறுக்கிறது. இதற்கு ஃபோல்டரை 777 ஆக்குவது (எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தருவது) பயனற்றது, உரிமையாளர் அப்படியேதான் இருப்பார். கன்டெய்னரை உங்கள் சொந்த யூசர் ஐடியில் ஓட்டுங்கள். பில்ட் முடிந்தபின் ரூட் பெயரில் கிடக்கும் ஃபைல்களை சூடோ போட்டு அழிக்கும் வேலையும் மிச்சம்.

இவ்வளவுக்குப் பிறகும் தீராமல் இஷ்யூ போடுவதாக இருந்தால், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். முதல் எரர் உள்ள லாக்கை டெக்ஸ்டாகவும், பேஸ் இமேஜின் டைஜஸ்ட் என்ற தனி அடையாளத்தையும், எந்த ஆர்க்கிடெக்சர் என்பதையும் கொடுங்கள். 'லேட்டஸ்ட்' என்று மட்டும் எழுதினால், நீங்கள் பார்த்த லேட்டஸ்டும் மெயின்டெய்னர் இன்று இழுக்கும் லேட்டஸ்டும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.