எக்ஸ்ரே எடுக்கும்போதும் படம் கைக்கு வந்த பிறகும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வெளியே வந்தவுடன், “இப்போ குழந்தையைத் தூக்கலாமா?” என்று தயங்கி நிற்பவர்கள் உண்டு. தாராளமாகத் தூக்கலாம். எக்ஸ்ரேயும் ஒளியின் இனம்தான், ஆற்றல் மட்டும் பல ஆயிரம் மடங்கு அதிகம். விளக்கை அணைத்த பிறகு அறைக்குள் வெளிச்சம் தேங்கி நிற்குமா? அப்படித்தான் இதுவும். கேள்வி முட்டாள்தனமானது என்று சொல்ல மாட்டேன், வேறொரு சோதனைக்கு உரியது அது. எலும்பு ஸ்கேன், பெட் ஸ்கேன் போன்றவற்றில் கதிரியக்க மருந்தை உடலுக்குள்ளேயே ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு குழந்தைகளிடமிருந்து கொஞ்ச நேரம் தள்ளியிருக்கச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

படம் எடுக்கும் முன் ‘விர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கதிர் பாய்கிற சத்தம் என்று நினைத்து உடம்பை இறுக்கிக்கொள்வோம். உண்மையில் அது, எக்ஸ்ரே உருவாகும் குழாய்க்குள் டங்ஸ்டன் வட்டு சுழலத் தொடங்கும் சத்தம். பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் அந்த வட்டில் வந்து மோதுகின்றன. அந்த ஆற்றலில் சுமார் 99 சதவீதம் வெறும் சூடாகப் போய்விடும், மிச்சம் ஒரு சதவீதம்தான் எக்ஸ்ரே. ஒரே இடத்தில் மோதினால் வட்டு உருகிவிடும் என்பதால்தான் சுழற்றுகிறார்கள். கதிர் வருவது அதன் பிறகு, நொடியில் ஒரு சிறு பங்கு நேரம். அந்த நேரத்துக்குத்தான் அசையாமல் இருக்க வேண்டும். சத்தம் கேட்டதும் ‘முடிந்தது’ என்று மூச்சை விட்டால் படம் கலங்கிவிடும்.

பெரிய தவறு, எக்ஸ்ரேயை ஒரு புகைப்படமாக நினைப்பது. அது நிழல். கதிரைத் தடுத்த இடம் வெள்ளையாகவும், கதிர் தாண்டிப்போன இடம் கறுப்பாகவும் விழுகிறது. எலும்பு ஏன் தடுக்கிறது? அணு எண் இரண்டு மடங்கானால், அதே எடையுள்ள பொருள் இந்தக் கதிரை விழுங்குவது ஏறக்குறைய எட்டு மடங்காகும். சதையில் இருப்பவை பெரும்பாலும் ஹைட்ரஜன் (1), கார்பன் (6), ஆக்சிஜன் (8). எலும்பிலோ கால்சியம் (20), பாஸ்பரஸ் (15). குடலைப் பார்க்க பேரியமும் (56) ரத்தக் குழாயைப் பார்க்க அயோடினும் (53) கொடுப்பதும் இதே கணக்கில்தான்.

இது புரிந்தால் “எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல” என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்றும் புரியும். தசைநார், குருத்தெலும்பு, சதை எல்லாம் கதிருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். முழங்காலுக்குள் ஜவ்வு கிழிந்திருந்தாலும் படம் சுத்தமாக இருக்கலாம். எலும்பு முறிவேகூட ஒளிந்துகொள்ளும். கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலிக்கிறது என்று வையுங்கள். அங்கே இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பின் விரிசல் முதல் நாள் படத்தில் தெரியாமல் போவது சகஜம். 10, 14 நாள் கழித்து, விரிசலின் ஓரம் கொஞ்சம் கரைந்த பிறகுதான் கோடு தெரியும். அதனால்தான் படம் சுத்தமாக இருந்தும் கட்டுப் போட்டு, மறுபடி வரச் சொல்கிறார்கள். வலி குறைந்துவிட்டதென்று போகாமல் விடுவதுதான் வினை.

“ஒரு படம் போதாதா, எதுக்கு ரெண்டு?” என்று கேட்பவர்கள், பேனாவைச் சுவரின் முன் நீட்டிப் பார்க்கலாம். குறுக்கே பிடித்தால் நிழல் கோடு, நுனியைச் சுவருக்கு நேராகத் திருப்பினால் வெறும் புள்ளி. எலும்பு நகர்ந்திருக்கிறதா என்பதும் அப்படித்தான், ஒரு கோணத்தில் மறைந்து இன்னொன்றில் தெரியும்.

மார்பு எக்ஸ்ரேயில் நிழலின் குறும்பு இன்னும் அதிகம். நிற்க வைத்து, மார்பைப் படம் விழும் பலகையோடு ஒட்டி, முதுகுப் பக்கம் சுமார் 180 செ.மீ. தள்ளியிருந்து எடுப்பார்கள். இதயம் முன்பக்கம் இருப்பதால் பலகைக்கு அருகில் வரும், நிழல் பெரிதாகாது. படுக்கையிலேயே முன்பக்கமிருந்து எடுத்தால் இதயம் வீங்கியதுபோல் விழும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து ‘ஒரு வாரத்தில் இதயம் பெருத்துவிட்டது’ என்று பதற வேண்டாம். அரை மூச்சில் எடுத்தாலும் இதே கதைதான்.

நகையைக் கழற்றச் சொன்னால் முணுமுணுக்கக் கூடாது. 1895 டிசம்பரில், எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் தன் மனைவியின் கையை எடுத்த அந்தப் புகழ்பெற்ற படத்தைப் பாருங்கள், மோதிரம் இருக்கும் இடத்தில் விரல் எலும்பு தெரியாது. நகையை விட ஏமாற்றக்கூடியது தலைப்பின்னல். தோளில் தொங்கும் ஜடை, நுரையீரலின் மேல்பகுதியில் ஏதோ இருப்பதுபோல் நிழல் போடும். தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, ஆபத்து? மார்பு எக்ஸ்ரே ஒன்றின் அளவு 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் கீழே. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் நமக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 கிடைக்கிறது. ஆக, இரண்டு வாரம் சும்மா இருப்பதற்குச் சமம். வயிற்று சி.டி. ஸ்கேன் 8, 10 வரை போகும். எக்ஸ்ரேக்குப் பயந்துகொண்டு, “எதுக்கும் ஒரு சி.டி. எடுத்துடலாமே” என்று தாமே கேட்பவர்களை என்ன சொல்வது! எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் இந்தக் கதிரே கிடையாது, அவற்றையும் இதே பயப் பட்டியலில் சேர்ப்பது வீண்.

கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்காகத் தேவையான கை எக்ஸ்ரேயை மறுக்க வேண்டியதில்லை, வயிற்றுக்கு அதில் போவது மிக மிகக் குறைவு. இடுப்பில் ஈயக் கவசம் போடவில்லையே என்று சண்டை பிடிக்கவும் வேண்டாம். 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே அதை வழக்கமாகப் போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. கவசம் தானியங்கி உணரியை மறைத்தால், ‘கதிர் போதவில்லை’ என்று இயந்திரம் இன்னும் கூட்டிக் கொடுக்கும். குழந்தையைப் பிடித்துக்கொண்டு அருகில் நிற்பவர் கதை வேறு, அவர் கவசம் அணிந்தே ஆக வேண்டும். மற்றவர்கள் வெளியே போய்விடுவது நல்லது. தூரம் இரண்டு மடங்கானாலே கதிர் கால்வாசியாகிவிடும்.

அப்புறம், பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தால் மருத்துவர் முதலில் கேட்பது “முன்னாடி எடுத்தது இருக்கா?” என்றுதான். புள்ளி வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்பதைப் புதுப் படம் தனியாகச் சொல்லாது. டியூப்லைட்டில் பிடித்து ஃபோனில் எடுத்த படம் அவசரத்துக்கு உதவும், ஆனால் மெல்லிய விரிசல் அதில் காணாமல் போகும். குறுந்தகட்டில் பதிந்து தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோனில்தான் அனுப்புகிறீர்கள் என்றால், ஓரத்தில் ‘ஆர்’ அல்லது ‘எல்’ என்று வெள்ளையாக ஓர் எழுத்து இருக்கும், வலமா இடமா என்று காட்ட வைக்கும் ஈய எழுத்து அது. படத்தை அழகாக வெட்டுகிறேன் என்று அதையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள்.