வேலூர் வெயிலில் சைக்கிள்: எப்போது டிரெய்னர், எப்போது ரோடு

நம் ஊரில் சைக்கிள் டிரெய்னர் (சைக்கிளை நிறுத்தி வைத்து வீட்டுக்குள்ளேயே மிதிக்க உதவும் கருவி) வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் வெயில்தான். கத்திரி தொடங்கிவிட்டால் 105, 108 டிகிரி என்று பேப்பரில் வேலூர் பெயர் வரும், அதனால் வீட்டுக்குள்ளேயே மிதிக்கலாம் என்று தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் வெயிலுக்குப் பயந்து உள்ளே போனால் மாட்டிக்கொள்வீர்கள். உள்ளே வெயில் இருக்காது, சூடு இருக்கும்.

நம் உடம்பு எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கோ அதற்கும் கொஞ்சம் குறைவோதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. பெடலில் 150 வாட்ஸ் சக்தி வருமாறு மிதித்தால் 450 முதல் 600 வாட்ஸ் வரை சூடு உடம்பிலிருந்து வெளியேறியாக வேண்டும், கிட்டத்தட்ட ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியை அறைக்குள் ஓடவிட்ட மாதிரி. ரோட்டில் 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைப் பார்த்துவிடும். டிரெய்னரில் சைக்கிளும் நகராது, காற்றும் நகராது. தரையெல்லாம் வியர்வை சொட்டுகிறதே, நல்லா ஒர்க்அவுட் ஆச்சு என்று சந்தோஷப்படாதீர்கள். உலரும் வியர்வைதான் உடம்பைக் குளிர்விக்கும், சொட்டிப்போன வியர்வையால் உப்பும் தண்ணீரும் நஷ்டம், அவ்வளவுதான்.

அதனால் முதல் செலவு டிரெய்னர் இல்லை, ஃபேன். சீலிங் ஃபேன் போதாது, அது மாடியின் சூட்டைத்தான் தலைமேல் தள்ளும். கல்யாண மண்டபத்தில் வைப்பார்களே, அந்த மாதிரி பெரிய பெடஸ்டல் ஃபேன் ஒன்றை முன்னால் இரண்டடி மூன்றடி தள்ளி நெஞ்சுக்கு நேராக வையுங்கள், முடிந்தால் பக்கவாட்டில் இன்னொன்று. ஏர் கூலர் வைக்கிறவர்கள் ஜன்னல் இரண்டையும் திறந்து வையுங்கள். மே மாத வறண்ட காற்றில் கூலர் நன்றாக வேலை செய்யும், ஆனால் மூடிய அறையில் அரை மணி நேரம் ஓடினால் ஈரப்பதம் ஏறிவிடும், அப்புறம் வியர்வை உலராது. நேரமும் முக்கியம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால், பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் இரவு பத்து மணி வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்கு அங்கே இன்டர்வல் (கடினமாகவும் லேசாகவும் மாறி மாறி மிதிப்பது) செய்வது மாதிரி கொடுமை வேறு இல்லை. கோடையில் டிரெய்னராக இருந்தாலும் விடியற்காலை ஐந்து மணிதான்.

சரி, எந்த டிரெய்னர்? பின்சக்கரத்தை உருளைமேல் அழுத்தி ஓட்டும் வீல்-ஆன் வகை விலை குறைவு, காந்தத் தடையில் இயங்குவதற்குக் கரண்டே வேண்டாம். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு செயினை நேராக மாட்டும் டைரக்ட் டிரைவ் வகையில் சத்தம் குறைவு, அளவு துல்லியம், விலை பல மடங்கு. ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் வகை தாராளமாகப் போதும் என்பது என் கருத்து, மிச்சப் பணத்தில் ஃபேன் வாங்கலாம். வாங்குவதற்கு முன் உங்கள் சைக்கிளின் பின் அச்சைப் பாருங்கள். குவிக் ரிலீஸ் (கைப்பிடியை மடக்கிக் கழற்றும் மெல்லிய கம்பி) என்றால் பிரச்சினை இல்லை, டிரெய்னரோடு வரும் ஸ்டீல் கம்பியை மாற்றிப் போட்டால் ஆயிற்று. த்ரூ ஆக்சில் (ஃபிரேமுக்குள் திருகி ஏற்றும் தடித்த அச்சு) என்றால் தனி அடாப்டர் கேட்கும். நட்டு போட்ட சாதா சைக்கிள் பல டிரெய்னர்களில் உட்காராது. கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள், கம்பெனி டிரெய்னரில் மாட்ட அனுமதிக்கிறதா என்று மேனுவலைப் பார்த்துவிடுங்கள். பட்டன் பட்டனாக இருக்கும் எம்டிபி (மலை சைக்கிள்) டயரை உருளைமேல் ஓட்டினால் ரைஸ் மில் சத்தம் வரும், கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்; வழவழப்பான டயர் போட்டு, அடியில் தடித்த ரப்பர் மேட் விரியுங்கள். ஒவ்வொரு முறையும் டயரில் ஒரே அளவு காற்று, உருளையில் ஒரே அளவு இறுக்கம், இல்லையென்றால் நேற்றைய வாட்ஸும் இன்றைய வாட்ஸும் ஒப்பிடவே முடியாது. ஹேண்டில்பார்மேல் துண்டு போடுவது கட்டாயம். வியர்வை உப்பு ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட்டையும், அதற்குக் கீழே ஹேண்டில் திரும்பும் பேரிங்கான ஹெட்செட்டையும் அரித்துவிடும், முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

ரோட்டில் வரும் வாட்ஸை அப்படியே வீட்டுக்குள் எதிர்பார்க்காதீர்கள், சூட்டாலும் சைக்கிள் அசையாமல் நிற்பதாலும் பலருக்கும் உள்ளே குறைவாகத்தான் வரும். 20 நிமிடம் முழு மூச்சில் மிதித்து, சராசரி வாட்ஸில் 95 சதவீதத்தை எடுத்து, அதை உள்ளே பயிற்சிக்கான அளவாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸை அளக்கும் பவர் மீட்டர் இல்லையா, இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாத மூச்சு வந்தால் கடினம், முழு வாக்கியம் பேச முடிந்தால் லேசு, அது போதும். டிரெய்னரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். சிக்னல் இல்லை, இறக்கம் இல்லை, பெடலை நிறுத்த இடமே இல்லை என்பதால் அந்த ஒரு மணி நேரமே கனமானது. பத்து நிமிடம் லேசாக, அப்புறம் ஐந்து நிமிடம் கடினம் மூன்று நிமிடம் லேசு என்று நாலு தடவை, கடைசியில் பத்து நிமிடம் ஆற விடுவது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள், இல்லையென்றால் உட்காரும் இடம் மரத்துப்போகும்.

தலை சுற்றினால், உடம்பு சிலிர்த்தால், தலை வலித்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள், மிச்ச இன்டர்வல் நாளைக்கு. கரண்ட் போனாலும் அப்படியே: டிரெய்னர் ஓடும், ஃபேன் ஓடாது. இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடினால் தொடரலாம். தண்ணீர் எவ்வளவு குடிப்பது என்று குழம்ப வேண்டாம், ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது முக்கியமாக சோடியம், அதனால் உப்புப் போட்ட நீர்மோரோ எலுமிச்சை ஜூஸோ சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை இருப்பவர்கள் உப்பு விஷயத்தையும் இந்தக் கடினப் பயிற்சியையும் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

உண்மையில் வேலூரில் டிரெய்னருக்கான சீசன் சித்திரை வைகாசி இல்லை, ஐப்பசி கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையில் குழியும் தண்ணீரும் ஒன்றாகத் தெரியும் ரோட்டில் இருட்டில் போவதைவிட வீட்டுக்குள் மிதிப்பது மேல், அப்போது அறையும் குளிர்ந்திருக்கும். கோடையில் வார நாட்களில் இரண்டு நாள் டிரெய்னர், ஞாயிற்றுக்கிழமை ரோடு.

ரோடு என்றால் விடிவதற்கு முன் கிளம்பி எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைத் தவிர்க்கலாம், சென்னை பெங்களூரு லாரிகள் இரவெல்லாம் ஓட்டிக் களைத்த நேரம் அது. காட்பாடியிலிருந்து திருவலம் வழியாக மேல்பாடி, வள்ளிமலை பக்கம் போகலாம். மேல்பாடியில் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக முதலாம் இராசராசன் எடுத்த பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது, திரும்புவதற்கு நல்ல இடம். ஏற்றம் வேண்டுமென்றால் கணியம்பாடி தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்தி. பின்னால் சிவப்பு விளக்கு, ஹெல்மெட், ஒரு ஸ்பேர் டியூப். அறுவடைக் காலத்தில் கிராமத்து ரோட்டில் கொள்ளும் கேழ்வரகும் பரப்பியிருப்பார்கள், தாள்மேல் பிரேக் பிடித்தால் சறுக்கும், முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். நாய் துரத்தினால் இறங்கி உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளை வைத்து நில்லுங்கள், பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும்.

ஏலகிரி ஏறுவதுதான் லட்சியம் என்றால் டிரெய்னர் பாதி வேலையைச் செய்யும். கனமான கியரில் நிமிடத்துக்கு 60, 65 சுற்று வேகத்தில் 20 நிமிடம் இரண்டு தடவை மிதித்துப் பழகினால் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கால் சோர்ந்து நின்றுவிடாது. முட்டி வலித்தால் மட்டும் கியரை லேசாக்குங்கள். இறக்கத்தை வீட்டுக்குள் கற்க முடியாது. வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிட்டு, பார்வையை வெளியேறும் இடத்தில் வைத்துத் திரும்பப் பழக வேண்டும், அதை முதலில் சின்ன இறக்கங்களில் செய்து பாருங்கள். உருளையில் ஓடிய பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும், டிரெய்னருக்கென்று விற்கும் கெட்டி டயருக்கு ரோட்டில் பிடிப்பும் குறைவு. மலைக்குக் கிளம்பும் முந்தின நாள் ரோடு டயரை மாட்டி, டிரெய்னர் கம்பிக்குப் பதில் பழைய குவிக் ரிலீஸைப் போட்டு, இறுக்கம் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.