பாவித்த படகை மலைக்கு ஏற்றியதும் செய்யக்கூடாத தவறுகள்

நீர்கொழும்பிலோ சிலாபத்திலோ வாங்கிய பைபர் படகு, அங்கே ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் ஓடியது. அவிசாவளை, கினிகத்தேனை வழியாக அட்டனுக்கு ஏற்றி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறக்கியதும் அதே படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுகிறது. நாலு பேர் ஏறினால் எழும்பவே மாட்டேன் என்கிறது. உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: "விற்றவன் ஏமாற்றிவிட்டான், எஞ்சின் போய்விட்டது." அடுத்த வாரம் அந்த எஞ்சின் கழற்றிப் போட்டபடி மேசையில் கிடக்கும்.

மலைநாட்டில் பாவித்த படகு வாங்குகிறவர்கள் பணத்தை விடும் இடம் பெரும்பாலும் இதுதான். எஞ்சினைத் திறப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை எல்லாம் எஞ்சினுக்கு வெளியேதான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க ஒரு நாளும் சில்லறைச் செலவும் போதும்.

உயரத்தை மறந்துவிட்டு எஞ்சினைக் குறை சொல்வது

காசல்ரீ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா கிரகரி வாவி 1,800 மீற்றரையும் தாண்டியது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. காற்று குறைந்தால் எஞ்சினுக்குள் எரியக்கூடிய பெற்றோலும் குறைகிறது. டர்போ இல்லாத சாதாரண எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் சுமார் 3 சதவீதம் வலுவை இழக்கும். அதாவது நீர்கொழும்பில் 40 குதிரைவலு கொடுத்த எஞ்சின் காசல்ரீயில் 36க்குக் கொஞ்சம் குறைவாகவும், கிரகரி வாவியில் 33 அளவிலும்தான் கொடுக்கும். இதில் பழுது எதுவும் இல்லை. புத்தம் புது எஞ்சினும் இங்கே இப்படித்தான் ஓடும். விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பினால்கூட 438 மீற்றர்தான் என்பதால், அங்கே ஓட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை அவ்வளவாக உணர மாட்டார்கள். அவர்களுடைய படகோடு உங்கள் படகை ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம்.

இங்கே பலரைக் கவிழ்க்கிற ஒரு விஷயம், சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் மீற்றர். மெலிந்த காற்றை அழுத்தினால் மீற்றரும் குறைத்துத்தான் காட்டும். கடலோரத்தில் 120 பிஎஸ்ஐ காட்டிய சிலிண்டர் காசல்ரீயில் 105 அளவிலும், நுவரெலியாவில் 95 அளவிலும் காட்டினால் அது ஆரோக்கியமான சிலிண்டர்தான். அந்த 105ஐப் பார்த்து "ரிங் தேய்ந்துவிட்டது" என்று பிஸ்டன் மாற்றுவது வீண். பார்க்க வேண்டியது சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தை. எல்லாம் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் எஞ்சினை மூடிவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கீழே கிடந்தால் அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

அப்படியென்றால் குறைந்த வலுவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ப்ரொப்பெல்லரை மாற்ற வேண்டும். ப்ரொப்பெல்லரில் 11, 13 என்பது போல இரண்டு எண் பொறித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு ப்ரொப்பெல்லர் முன்னே போக வேண்டிய தூரம், இரண்டும் அங்குலத்தில். கடலோரத்துக்குப் பொருத்தமான பிட்ச் இங்கே கனத்துவிடும், கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறியை டொப் கியரில் இழுப்பது போல. பிட்சை ஒரு அங்குலம் குறைத்தால் எஞ்சின் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை கூடுதலாகச் சுழலும். எஞ்சின் கையேட்டில் முழு வேகத்துக்கு 4,500 முதல் 5,500 சுற்று என்று போட்டிருக்கிறது, உங்களுக்கு 4,200தான் வருகிறது என்றால், வழக்கமான ஆட்களை ஏற்றிய நிலையில் அந்த எல்லையின் மேல்பாதிக்கு வரும்வரை பிட்சைக் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கில் அநேகமாக நாலைந்து அங்குலம். சிறிய எஞ்சின்களில் சுற்று மீற்றர் இருக்காது. பிளக் வயரில் கம்பியைச் சுற்றிப் பார்க்கும் சிறிய மீற்றர் விலை குறைவுதான். அது இல்லாமல் ப்ரொப்பெல்லர் வாங்காதீர்கள், குருட்டுக் கணக்கு ஆகிவிடும்.

புகையைப் பார்த்து ஓயிலைக் குறைப்பது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒன்று எஞ்சினைக் கொன்றுவிடும். கார்புரேட்டர் உள்ள டூ ஸ்ட்ரோக் எஞ்சின் மலைக்கு வந்ததும் புகை கூடும், பிளக் கறுப்பாகி நனையும். காற்று குறைந்துவிட்டது, ஆனால் கார்புரேட்டர் பழைய அளவிலேயே பெற்றோலை விடுகிறது. அதுதான் காரணம். இதைப் புரிந்துகொள்ளாமல் "ஓயில் கூடிவிட்டது" என்று கலவையில் ஓயிலைக் குறைக்கிறார்கள். புகை கொஞ்சம் குறையும். அப்புறம் ஒரு நாள் பாதி ஏரியில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். டூ ஸ்ட்ரோக்கில் பெற்றோலோடு போகும் அந்த ஓயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உள்ள ஒரே மசகு. கையேடு 50க்கு 1 என்றால் மலையிலும் 50க்கு 1தான்.

சரியான வழி, கார்புரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள சிறிய திருகை, அதாவது மெயின் ஜெட்டை, அந்த உயரத்துக்குரிய சிறிய அளவுக்கு மாற்றுவது. எந்த உயரத்துக்கு எந்த ஜெட் என்று உற்பத்தியாளரின் அட்டவணை சொல்லும். ஊகத்தில் துளையைச் சிறிதாக்கப் போகாதீர்கள். மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் இழந்த வலுவை அதுவும் மீட்டுத் தராது.

படகுக்குள் ஊறிய தண்ணீரை எடை போடாமல் விடுவது

அட்டனுக்குப் போகும் வழியில் உள்ள வட்டவளை, இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. இந்தப் பக்கத்தில் படகை மூடாமல், அடைப்பானைக் கழற்றாமல், சமதரையில் ஒரு தென்மேற்குப் பருவமழைக்கு விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே தெரியும் தண்ணீரை இறைத்துவிடலாம். நாம் மிதிக்கும் தளத்துக்கு அடியில் மிதப்புக்காக அடைத்திருக்கும் நுரை குடித்த தண்ணீரை இறைக்க முடியாது. லீற்றருக்கு ஒரு கிலோ. 100 லீற்றர் ஊறியிருந்தால், உடம்பு பருத்த ஒரு ஆள் இறங்காமல் எப்போதும் படகில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அதுவும் அநேகமாகப் பின்பக்கத்தில்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி எடைமேடை. ட்ரெய்லரோடு ஒரு முறை, படகை இறக்கிவிட்டு ட்ரெய்லரை மட்டும் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். படகுக்குரிய எடையைவிட, எஞ்சினும் பெற்றோலும் போக, அதிகமாக இருந்தால் தண்ணீர்தான். மிதிக்கும் தளத்தில் யாரும் பார்க்காத மூலையில் சிறிய துளை போட்டு ஈர்க்குக் குச்சியை விட்டு எடுத்தாலும் ஈரம் தெரிந்துவிடும். அந்தத் துளையை ரெசினால் மறக்காமல் அடையுங்கள்.

எஞ்சின் தொங்கும் பின்பலகையையும் இதே கையோடு பாருங்கள். வெளியே பைபர் பளபளக்கும், உள்ளே மரம் உளுத்துக் கிடக்கும். சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல பலகை "டக்" என்று சொல்லும், உளுத்தது மந்தமாகச் சத்தமிடும். எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பலகையும் சேர்ந்து நெளிந்தால் அந்தப் படகை வாங்காதீர்கள். ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதைச் சரிசெய்யும்வரை ஆளை ஏற்றாதீர்கள். இதில் நான் சமரசத்துக்கு இடம் வைக்க மாட்டேன்.

கடலோரத்திலிருந்து ஏற்றி வரும்போது எஞ்சினைத் தூக்கிவிட்டு, அதன் சொந்தக் கொக்கியில் மட்டும் நிறுத்தி, மணிக்கணக்கில் வளைவிலும் குழியிலும் குலுங்க விடுவதும் இந்தப் பலகையைத்தான் உடைக்கிறது. எஞ்சினின் கீழ்ப்பகுதிக்கும் ட்ரெய்லருக்கும் இடையில் ஒரு முட்டுக்கொடுத்துக் கட்டுங்கள்.

ப்ரொப்பெல்லரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்பது

மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரமே இருக்கிறது. வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோவிலும் பள்ளிவாசலும் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். முழுதாக வெளியே வருவதற்கு முன், நீருக்கு ஒரு அடி கீழே சுவரும் மரக்கட்டையும் ஒளிந்திருக்கும் வாரங்கள்தான் ப்ரொப்பெல்லருக்கு ஆபத்தானவை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மட்டம் இறங்கும்போது, போன மாதம் ஓடிய தடத்தில் இந்த மாதமும் ஓடலாம் என்று நம்ப வேண்டாம்.

அப்படி ஒரு முட்டு முட்டினால், இதழ் வளையாமல்கூட உள்ளே கோளாறு வரலாம். ப்ரொப்பெல்லரின் நடுவில் உள்ள ரப்பர் புஷ், அடி விழும்போது கியரைக் காப்பாற்றுவதற்காக வழுக்கும்படி செய்யப்பட்டது. ஒரு முறை வழுக்கியது பிறகும் வழுக்கும். எஞ்சின் அலறுகிறது, படகு போகவில்லை; மெதுவாக ஓட்டினால் மட்டும் சரியாக இருக்கிறது. இதைக் கியர் பழுது என்று நினைத்துப் பெட்டியைப் பிரிப்பவர்கள் நிறையப் பேர். ஒரு துளி பெயின்ட் போதும்: உள் குழாயிலிருந்து வெளி உடல்வரை ஒரு நேர்க்கோடு போடுங்கள், முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. ப்ரொப்பெல்லரைக் கழற்றும்போது தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது தண்டைச் சுற்றியுள்ள ஓயில் சீல் என்ற வளையத்தை அறுத்து, கியர் ஓயிலுக்குள் தண்ணீரை விடும். ஓயில் பால்தேநீர் நிறத்தில் வந்தால் அந்த வேலை நடந்துவிட்டது.

எஞ்சினை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது என்று பார்க்காதது

கால் நீளம் பொருந்தாத எஞ்சின் பாவித்த படகுகளில் சாதாரணம். குட்டைக் காலுக்குப் பின்பலகை சுமார் 15 அங்குலம், நெட்டைக் காலுக்கு 20 அங்குலம் இருக்க வேண்டும். ஒரு படகின் எஞ்சினை எடுத்து இன்னொரு படகில் மாட்டி விற்கும்போது இந்த ஐந்து அங்குலம் மாறிப்போகிறது. ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு, படகின் அடித்தளத்தோடு ஒரே மட்டத்திலோ ஒரு அங்குலம் மேலேயோ இருந்தால் நல்லது. நன்றாகக் கீழே தொங்கினால் தண்ணீர் பின்னால் பீய்ச்சியடிக்கும், வேகம் வராது. அதிகம் மேலே இருந்தால் திரும்பும்போது ப்ரொப்பெல்லர் காற்றை உறிஞ்சி, எஞ்சின் திடீரென்று அலறும். ஆழமானி போன்ற எதையாவது ப்ரொப்பெல்லருக்கு நேர் முன்னால் அடியில் பொருத்தியிருந்தாலும் குமிழி போய் இதே அலறல் வரும்.

ஆட்டத்தை வேகத்தால் அடக்கப் பார்ப்பது

படகின் மூக்கு ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் குதித்தால், பாரம் பின்னால் கூடிவிட்டது அல்லது எஞ்சினை அதிகம் வெளியே சாய்த்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் தூண்டில் மீன்பிடிக்கென்றே உருவான பாஸ் போட் வகைப் படகு கையில் கிடைத்தால் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அதில் பெற்றோல் தாங்கி, பற்றரிகள், மீன் தொட்டி எல்லாம் பெரும்பாலும் பின்பாதியில்தான். எஞ்சினை உள்ளே சாய்த்து, பற்றரியையோ ஒரு ஆளையோ முன்னால் மாற்றிப் பாருங்கள். அப்படியும் குதித்தால் படகை ட்ரெய்லரில் ஏற்றி, அடித்தளத்தின் கடைசி நாலைந்து அடியில் நேர்க்கம்பு வைத்துப் பாருங்கள். தளம் வெளியே புடைத்திருந்தால் அதுதான் மூக்கைத் தூக்குகிறது. உள்ளே குழிந்திருந்தால் மாறாக மூக்கு அமுங்கும், வேகம் குறையும்.

வேகத்தில் இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்தால் அது வேறு விஷயம். உடனே த்ரொட்டிலை மெதுவாகக் குறைக்க வேண்டும். ஸ்டீயரிங் கேபிளிலோ எஞ்சின் தாங்கியிலோ ஆட்டம் இருந்தால் இது மோசமாகும். நிறுத்தி வைத்த படகில் எஞ்சினைக் கையால் ஆட்டிப் பார்த்தாலே அது தெரியும். இந்தச் சோதனைகளுக்குப் போகும்போது உயிர்காப்பு அங்கியும், ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறும் கட்டாயம். மலைநாட்டுத் தண்ணீரின் குளிர் நீச்சல் தெரிந்தவரையும் திணறடிக்கும்.

ஒரே பக்கம் இழுத்தால் ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டுக்குக் கீழே உள்ள சிறிய துடுப்பைப் பாருங்கள். கடலில் ஓடிய எஞ்சினில் அது பாதி அரித்துப் போயிருக்கும். புதிது போட்டு, படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதே பக்கம் துடுப்பின் பின்விளிம்பைக் கொஞ்சம் திருப்புங்கள். இந்தத் துடுப்பு எஞ்சினின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரித்துப்போய் அதைக் காப்பது; கடலுக்குரிய துத்தநாகத் துடுப்பு நன்னீரில் மேலே படலம் பிடித்து அந்த வேலையைச் செய்யாமல் போகும், அலுமினியத்தில் வாங்குங்கள்.

பெற்றோல் பக்கம் சுருக்கமாக: ஓடிக்கொண்டே வலு குறைந்தால் பெற்றோல் குழாயில் உள்ள ரப்பர் கைப்பம்பைப் பாருங்கள். அது சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் தாங்கியின் காற்றுத்துளை மூடியிருக்கிறது அல்லது தாங்கிப் பக்கம் அடைப்பு. அதை அமுக்கியதும் எஞ்சின் தெளிந்தால் எஞ்சினின் பம்பு, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. இரவுக் குளிரில் பாதி காலியான தாங்கிக்குள் ஈரம் படியும், தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது

ப்ரொப்பெல்லர், பிளக், ஜெட் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அதே ஆட்கள், அதே அளவு பெற்றோல், போகவும் வரவும் ஒரே தடம், போனில் ஜிபிஎஸ் வேகம், எஞ்சின் சுற்று. இவற்றைக் கொப்பியில் எழுதுங்கள்.

கழற்றிய பெரிய ஜெட்டையும் பழைய ப்ரொப்பெல்லரையும் எறியாதீர்கள். மலைக்கான சிறிய ஜெட்டோடு படகைக் கடலோரத்தில் ஓட்டினால், அடர்ந்த காற்றுக்குப் பெற்றோல் போதாமல் எஞ்சின் மிதமிஞ்சிச் சூடாகி பிஸ்டனில் ஓட்டை விழலாம். சிறிய பிட்சில் அளவுக்கு மீறிச் சுற்றவும் செய்யும். நாளைக்கு நீங்கள் இந்தப் படகைத் திருகோணமலைக்காரர் ஒருவருக்கு விற்றால், அந்த இரண்டையும் கையில் கொடுத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் முன் மாற்றச் சொல்லி அனுப்புங்கள்.