டெபியனில் எந்தப் பொதியை நிறுவுவது? புதியவர்களுக்கு ஒரு வழி

லினக்ஸை நிறுவிய மறுநாள்தான் பலருக்கும் மனம் தளர்கிறது. பிடிஎஃப் படிக்க ஒரு மென்பொருள் தேடினால், புரியாத பெயர்கள் திரை நிறைய வந்து நிற்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்று டெபியன். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் 69,000-க்கும் மேற்பட்ட பொதிகள், அதாவது நிறுவுவதற்காகக் கட்டிவைத்த மென்பொருள் தொகுப்புகள், இருக்கின்றன. அத்தனையையும் யாரும் அறிந்திருக்க வேண்டியதில்லை. பட்டியலைச் சலிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: நிறுவும்போதே பாதியை முடியுங்கள்

நிறுவலின் இறுதியில் 'சாஃப்ட்வேர் செலக்‌ஷன்' என்ற திரை வரும். க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என்று டெஸ்க்டாப் வகைகள் அதில் இருக்கும். பழைய கணினி, ரேம் குறைவு என்றால் தயங்காமல் எக்ஸ்எஃப்சிஇ எடுங்கள். வெப் சர்வர், எஸ்எஸ்எச் சர்வர் இரண்டும் இப்போது வேண்டாம். தேர்வுக் குறியை இட ஸ்பேஸ் விசையை அழுத்துங்கள்; பழக்கத்தில் என்டரைத் தட்டினால் திரை அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

படி 2: சினாப்டிக்கைத் திறந்து தேடுங்கள்

பொதிகளைத் தேடவும் நிறுவவும் நீக்கவும் உதவும் மென்பொருள் சினாப்டிக். மெனுவில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதை நிறுவிக்கொள்ளுங்கள். கடவுச்சொல் கொடுத்துத் திறந்ததும் 'ரீலோட்' பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். பிறகு 'சர்ச்' பெட்டியில் மென்பொருளின் பெயரை விட, அது செய்யும் வேலையை ஆங்கிலத்தில் எழுதுங்கள். 'பிடிஎஃப் வியூவர்' போல இரண்டு சொல் கொடுத்தால் பட்டியல் சுருங்கும்.

படி 3: சலியுங்கள்

எனக்கு மிகவும் பயன்பட்ட பழக்கம் இது. 'லிப்' என்று தொடங்கும் பெயர்களைத் தாண்டிப் போங்கள். அவை மற்ற மென்பொருள்கள் கூப்பிட்டுக்கொள்ளும் நூலகங்கள். 'டெவ்' என்று முடிபவை நிரல் எழுதுபவர்களுக்கானவை. 'டாக்' என்பது கையேடு. 'காமன்', 'டேட்டா' என்று முடிபவை தலைமைப் பொதியோடு தாமாகவே வந்துசேரும். இவற்றை ஒதுக்கினால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு கைப்பிடிதான்.

மிஞ்சியவற்றின் விளக்கத்தைப் படியுங்கள். உதாரணமாக, பிடிஎஃப் படிக்க ஆகுலர் நல்ல மென்பொருள், ஆனால் கேடிஇ குடும்பத்தைச் சேர்ந்தது. எக்ஸ்எஃப்சிஇ கணினியில் நிறுவினால் கேடிஇ நூலகங்களையும் கூட்டிக்கொண்டு வரும். வட்டில் இடம் குறைவென்றால் வேறொன்றைப் பாருங்கள்.

படி 4: 'அப்ளை' அழுத்தும் முன் நில்லுங்கள்

பொதியின் மேல் வலது சொடுக்கி 'மார்க் ஃபார் இன்ஸ்டலேஷன்' கொடுங்கள். கூடவே தேவைப்படும் பொதிகளை ஒரு சிறு சாளரம் காட்டும். 'அப்ளை' அழுத்தியதும் சுருக்கம் ஒன்று வரும்: எவை நிறுவப்படும், எவ்வளவு பதிவிறங்கும், எவ்வளவு இடம் பிடிக்கும். இங்கே 'டு பி ரிமூவ்டு' என்ற வரி இருந்தால் அதை விரித்து ஒவ்வொரு பெயரையும் படியுங்கள். உறவினர் ஒருவர் படிக்காமல் சரி சொல்லிவிட்டார்; டெஸ்க்டாப்பே போய்விட்டது. அன்று மாலை முழுக்க அதை மீட்பதிலேயே கழிந்தது. பெயர் புரியவில்லையா? 'கேன்சல்' கொடுத்துவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

தமிழுக்குத் தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம். 'டாஸ்க்', 'தமிழ்' என்ற இரண்டு சொற்களையும் ஆங்கில எழுத்தில் கொடுத்தால், தமிழ் டெஸ்க்டாப்புக்கு உரியவற்றை ஒன்றாகக் கட்டிய பொதி கிடைக்கும்.

நிறுவிய பின் ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் 'ஃபைல்' மெனுவில் 'ஹிஸ்டரி'யைத் திறங்கள். எந்த நாளில் எது வந்தது, எது போனது என்று தேதிவாரியாக இருக்கும். நேற்று வந்ததை அங்கே பார்த்து, அதை மட்டும் நீக்கிவிடலாம்.