உமய்யாக்களின் சிறு செப்புக் காசைப் படிக்கும் முறை

கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைக்கும் சேரர் காசுகளையும் ரோமானியக் காசுகளையும் பார்த்துப் பழகிய கொங்கு நாட்டுச் சேகரிப்பாளர்கள் பலர், தொடக்க கால இஸ்லாமிய ஆட்சியாளர்களான உமய்யா கலீபாக்களின் ‘ஃபல்ஸ்’ என்னும் சிறு செப்புக் காசு கைக்கு வந்தால், உருவம் இல்லையே என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். கி.பி. 697 வாக்கில் கலீபா அப்துல் மலிக் நாணயங்களைச் சீர்திருத்திய பின் பெரும்பாலும் எழுத்துகளே பொறிக்கப்பட்டன என்பதால், இதைப் பார்ப்பதைவிடப் படிக்கவே பழக வேண்டும்.

செப்புக் குடத்தைப் புளியிட்டுத் துலக்கும் வழக்கத்தைக் காசின்மேல் காட்டவே கூடாது. எழுத்தின் விளிம்பு அதன்மேல் படிந்த பச்சைப் படலத்தில்தான் நிற்கிறது. புளி அதைக் கரைத்துவிட்டால் பளபளப்பு கிடைக்கும், வாசகம் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, இளகிய மண்ணை மூங்கில் குச்சியால் மெல்ல நீக்கினால் போதும். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால், குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கின்றன என்று பொருள். அத்தகைய காசை ஐப்பசி மழைக்கு முன்பே தனியே பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு உலர்வாக வைக்க வேண்டும்.

பிறகு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துக் காசை மெதுவாகச் சுழற்றுங்கள். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு நெடிய கோடுகளும் அவற்றின் இடப்பக்கம் ஒரு சிறு வளையமும் தெரிந்தால், அது பெரும்பாலும் ‘அல்லாஹ்’ என்ற சொல்லே. அதைப் பிடித்துக்கொண்டால், ஒரு பக்கத்து நடுவில் ‘லா இலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு’ (அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை, அவன் தனித்தவன்) என்பதும் மறுபக்கத்தில் ‘முஹம்மதுர் ரசூலுல்லாஹ்’ (முஹம்மது அல்லாஹ்வின் தூதர்) என்பதும் வரி வரியாக வெளிப்படும். குர்ஆன் ஓதத் தெரிந்த நண்பரிடம் காட்டுவதும் நல்லதுதான். ஆனால் கூஃபி என்னும் இந்தப் பழைய அரபு எழுத்து வடிவில் புள்ளிகள் இராமையால் பா, தா, நூன், யா ஆகிய நான்கும் சொல்லின் நடுவில் ஒரே சிறு பல்லாகத் தெரியும் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சில காசுகளின் விளிம்பில் திமிஷ்க் (டமாஸ்கஸ்), ஹிம்ஸ், வாசித் போன்ற, காசு அடித்த அக்கசாலை ஊரும், எண்ணாக அன்றிச் சொற்களாக ஹிஜ்ரி ஆண்டும் இருக்கும். ஒற்றை இலக்கம் முதலிலும் நூறு கடைசியிலும் வரும். அந்த ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும்: உமய்யாக்கள் வீழ்ந்த ஹிஜ்ரி 132 என்பது கி.பி. 750. எடையை நம்பி முடிவுக்கு வர வேண்டாம். திர்ஹம் என்னும் வெள்ளிக் காசுக்கு இருந்த சீரான எடை இவற்றுக்கு இல்லை.

பி.வி.சி. உறை காலப்போக்கில் காசைக் கெடுக்கும் என்பதால் அமிலமற்ற காகித உறையே ஏற்றது. அதன்மேல் கண்ணுக்குத் தெரிந்த எழுத்துகளை மட்டும் மையால் எழுதி, ஊகித்த ஊரையும் ஆண்டையும் பென்சிலால் தனியே குறியுங்கள்.